மேகப்பிறை

இஸ்ஸதீன் காக்காவை நான் முதன்முதலில் கண்டது மருதமுனைக் கடற்கரையில், கம்பஸ் லீவில் ஊர் வந்திருந்த ஒரு மே மாதத்தில். காக்கா என்றால் எங்களூரில் அண்ணன். இவர் கைத்தறி நூலுக்குச் சாயம் போடுகிறவர். விரல்களில் நீலம் போகவே போகாது. கட்டாரிலிருந்து தம்பி கொண்டுவந்த தொலைநோக்கியைத் தென்வானத்துக்குத் திருப்பிவைத்து, தானே அழைத்திருந்த மீராலெவ்வை ஹாஜியாருக்காகக் காத்திருந்தார்.

அதற்கு ஏழு வருடத்துக்கு முன், நோன்பு இருபத்தொன்பதில் காக்கா பிறை கண்டார். மறுநாள் பெருநாளென்று சாட்சி சொல்லப் பள்ளிவாசலுக்கு ஓடினார். நிர்வாகத்திலிருந்த ஹாஜியார் அத்தனை பேர் முன்னாலும், "உன்ட கண்ணுக்கு மேகத்துண்டும் பிறைதான்டா" என்று சிரித்துச் சாட்சியைத் தள்ளிவிட்டார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'மேகப்பிறை'. மகளின் கலியாணக் கார்டைக் கொடுக்கப் போன வீடுகளிலும் அதே பெயர்தான்.

இரவு இஷாத் தொழுதுவிட்டு ஹாஜியார் ஆட்களோடு வந்தார்.

"முதல்ல வெறுங்கண்ணால பாருங்க ஹாஜியார். அந்தா, மங்கலா ஒண்டு. என்ன அது?"

"மேகத்துண்டு."

"நல்லாப் பாத்துத்தான் சொல்றீங்களா?"

"ஓம். எனக்கென்ன கண் குருடா?"

"இப்ப இதுக்குள்ளால பாருங்க."

ஹாஜியார் குனிந்தார். கொட்டிய சீனிபோல் எண்ண முடியாத நட்சத்திரங்கள், ஒரே உருண்டையாக. "சுபுஹானல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"இத்தன லட்சம் நட்சத்திரத்த மேகமெண்டு சொன்ன கண்தான், அண்டைக்கு என்ட பிறையையும் மேகமாக்கினது" என்றார் காக்கா, எல்லோருக்கும் கேட்க.

அன்று பள்ளியில் சிரித்தவர்களே இங்கும் சிரித்தார்கள்.

இப்போது காக்கா பிறை பார்க்கும் குழுவில் இருக்கிறார். மற்றவர்களின் சாட்சியை ஒரு தரம் கேட்பார். ஹாஜியாருடையதை மூன்று தரம்.