ரோனி டெலமேரும் எதிர்வீட்டுத் தாமோதரனும்

ரோனி டெலமேர் போய்விட்டார். காலையில் ஃபோனைத் திறந்ததும் இந்த நியூஸ்...

உங்களில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. இங்கிலாந்து பாப் பாடகர். பதினெட்டு வயதில் அவர் முகத்தைப் பார்த்துப் பெண்கள் கத்திய கத்தலில் குரலை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடி சேக்காடு. டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். நானே அசெம்பிள் செய்த ரேடியோ, மாடியில் செம்புக் கம்பி ஏரியல். ஞாயிறு காலை சிலோன் ஸ்டேஷனில் இங்கிலீஷ் நேயர் விருப்பம்.

ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு ரோனி மூச்சு இழுப்பார் பாருங்கள்... ஷார்ட் வேவ் இரைச்சலிலும் தனியாகக் கேட்கும். பாட்டு பாதி புரியாது. அந்த மூச்சு புரியும்.

தங்கை வசந்தாவுக்கும் ரோனி பைத்தியம். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கு ஒரு மாதம்தான் பாக்கி.

பஸ் ஸ்டாப்பில் அந்தப் புத்தகம் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தவன் எதிர்வீட்டுத் தாமோதரன், அப்பாவோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். நேராக அப்பாவிடம் வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, உன் பொண்ணு எவனோ சட்டைக்காரப் பையன் போட்டோவ புக்குல வச்சுகினு சுத்துது. கிளாசுக்குப் போவுதா, அவனப் பாக்கப் போவுதா? அப்பால நான் சொல்லலேன்னு சொல்லாதே."

ரோனி டெலமேர், என் தங்கையின் ஆங்கிலோ இந்தியக் காதலனாம்!

"பாட்டுக்காரன்ப்பா, ரேடியோல பாடுறவன்" என்று வசந்தா அழுதாள். நானும் கத்தினேன். அப்பா நம்பவில்லை. மறுநாளிலிருந்து கிளாஸ் கட்.

விடுவேனா? சிலோனுக்கு ஒரு கார்டு எழுதினேன், தாமோதரன் பெயரில், தாமோதரன் விலாசத்தோடு. ரோனி படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது, அவர் பாட்டைப் போடுங்கள் என்று.

ஒவ்வொரு ஞாயிறும் சவுண்ட் சர்வீஸ் நண்பனிடம் ஹார்ன் ஸ்பீக்கர் வாங்கி ஜன்னலில் கட்டினேன். ஏழாவது ஞாயிறு என் கார்டு வந்தது... மிஸ்டர் தாமோதரன், சேக்காடு, ஆவடி. தலையணை உட்பட ஒரு வார்த்தை விடாமல் அறிவிப்பாளர் இங்கிலீஷில் வாசித்தார். புரியாதவர்களுக்கு நான் ஜன்னலில் நின்று தமிழில் சொன்னேன்.

குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தாமோதரனைத் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"யோவ் தாமு! தலகாணி கீழ இன்னாய்யா வச்சுகினு கீறே?"

"ரோனியாம் மாமே! இவுரு ஊட்டம்மாவுக்குத் தெரியுமா?"

ரிடையர் ஆகும்வரை ஃபேக்டரியில் அவன் தலகாணி தாமு. நிம்மதியாக ஒரு டீ குடித்திருக்க மாட்டான். குடிக்க விடக்கூடாது என்றுதான் எழுதினேன்.

அப்பாவுக்கும் அன்றுதான் உண்மை புரிந்தது. ஆனால் அதற்குள் பரீட்சை முடிந்து, கள்ளிக்குப்பத்து மாப்பிள்ளைக்கு வசந்தாவைப் பேசித் தட்டும் மாற்றியாகிவிட்டது. மறுபடி அவள் கிளாசுக்குப் போகவே இல்லை.

தாமோதரன் செத்தபோது எதிரிலேயே இருந்தும் நான் போகவில்லை. இன்றைக்கும் அதில் வருத்தம் இல்லை.

சற்று முன் வசந்தாவுக்கு ஃபோன் செய்து ரோனி விஷயத்தைச் சொன்னேன். 

"ஹையர் பாஸ் பண்ணியிருந்தா அந்தக் கார்ட நானே டைப் அடிச்சுக் குடுத்திருப்பேன்ணா... இன்னும் நாலு வரி சேத்து."

போய் வாருங்கள், ரோனி. உங்களுக்காக அழ இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.