கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

காடியின் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பின் இருக்கையில், கெலுகோர் ஊர்க் கேன்டீனுக்கு நான் தினமும் கொடுக்கும் இடியாப்பக் கூடைகள். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கேன்டீன்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

சாவியைப் போட்டதும் பின்னால் பெட்ரோல் பம்ப் லேசாக முனகும். அன்று முனகவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. ரிலே கெட்டிருக்குமோ என்று ஹாரன் ரிலேயைப் பிடுங்கிப் பம்ப் ரிலேயின் இடத்தில் மாட்டினேன், பயனில்லை. பம்புக்குப் போகும் ஒயரில் டெஸ்ட் விளக்கை வைத்தேன், எரியவில்லை; கரண்டே வரவில்லை. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே வந்தபோது, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கார்ப்பெட்டுக்கு அடியில் நான் பார்த்தேயிராத ஒரு சின்ன சுவிட்ச் கிடந்தது. அதைத் தட்டியதும் பம்ப் முனகியது.

முந்தின நாள் காடியை இரவல் வாங்கிய மைத்துனனுக்குப் போன் செய்தேன்.

"ஆமா மச்சான், நான்தான் மாட்டி வச்சேன். அதை அணைச்சா பெட்ரோல் கட்டாயிரும், திருடன் தூக்க முடியாது லா."

"எங்கிட்ட சொல்லலையே."

"மறந்துட்டேன். அதான் கண்டுபிடிச்சிட்டீங்கள்ல, அப்புறம் என்ன?"

எனக்குச் சத்தம் போட வராது. கேன்டீனுக்கு ஓட்டிப் போனேன். கேன்டீன் மேசையில் வேறு யாருடைய இடியாப்பமோ ஆவி பறக்க இருந்தது.

"இனிமே அவங்கதான் அண்ணே," என்றார் கேன்டீன்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

நேராக மைத்துனன் வீட்டுக்குப் போய்க் கூடைகளை எல்லாம் வாசலில் இறக்கினேன்.

"என்ன மச்சான், வீட்ல விசேஷமா?"

"எல்லாத்தையும் நீயே தின்னு," என்றேன்.

சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.