பல்லுக்காரியின் கார்

கண்ணை மூடிக்கொண்டு கார்க் கதவைத் தடவிக்கொண்டிருக்கிறாள் என் நாத்தனார். ஆள்காட்டி விரல் மட்டும் நகர்கிறது. ஓரிடத்தில் நிற்கிறது, பின்னால் போகிறது, மறுபடி அதே இடத்துக்கு வருகிறது.

"இங்க ஒரு மேடு இருக்கு அண்ணி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறேன். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"உன் விரல்லதான் மேடு" என்கிறேன்.

அவள் காதில் வாங்கவில்லை. தண்ணீரில் ஊறிய உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறாள், துடைக்கிறாள், மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறாள். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்து, "இப்போ?" என்கிறாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவளுக்கு வேறு வழி?

அவள் தொழில் பல் செய்வது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கெல்லாம் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. வேலைக்குச் சேர்ந்த அன்றே என் வீட்டுக்காரர் தங்கைக்கு 'பல்லுக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார். ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், இவள் வாயைப் பார்த்துப் பேசுவாள். பக்கத்து வீட்டுக்காரர் இவளுக்கு 'அந்த முன்பல் எத்தினவர்'. தபால்காரர் 'கடைவாய்ப் பல்லுக்குக் கிரீடம் போட்டவர்'. பெண் பார்க்க வந்த ஒருவரைப் பல்வரிசை பிடிக்காமல் திருப்பி அனுப்பினாள் என்று உறவில் ஒரு கதை உலவுகிறது. கேட்டால், "பல்லெல்லாம் அம்சமாத்தான் இருந்துச்சு அண்ணி. வாயத் தொறந்து பேசினாரு பாருங்க, அதுதான்" என்பாள். எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். சாப்பாடு என்னோடு, சண்டையும் என்னோடு.

கார் என் வீட்டுக்காரருடையது. ரொட்டி ஆலையில் வேன் ஓட்டியவர் அவர். நாளெல்லாம் ஊருக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, விடுமுறை நாளிலும் ஆசை தீராமல் இந்தப் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு மழை நாளில் ஆலையின் சரிவில் ரொட்டித் தட்டுகளோடு வழுக்கி விழுந்தார். வலது முழங்காலை டாக்டர்கள் ஒட்டவைத்தார்கள். ஒட்டியது, ஆனால் இனி மடங்காது. கட்டை மாதிரி நீட்டியே இருக்கும்.

ஆலை முதலாளி நல்ல மனுஷன். வண்டிகளை எந்த வழியில் அனுப்புவது என்று பார்க்கும் மேசையை இவருக்கென்று வைத்திருந்தார். "ரொம்ப நாள் காலியா வைக்க முடியாதும்மா, பாத்துக்குங்க" என்று என்னிடம் சொல்லியும் அனுப்பினார். அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. வாடகைக் காரின் பின்சீட்டில் இவரைக் குறுக்காகக் கிடத்தி, நான் இந்தப் பக்கம் தள்ள, டிரைவர் அந்தப் பக்கம் இழுக்க, தெருவே வேடிக்கை பார்க்கும். இரண்டாம் தடவையே, "என்னைப் பார்சல் மாதிரி ஏத்தாதீங்க, நான் எங்கயும் வரல" என்று ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். காரைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி ஆளையும் வரவழைத்தார்.

வந்த ஆளைத் திருப்பி அனுப்பியவள் பல்லுக்காரி. "இந்த வண்டி விக்கறதுக்கு இல்ல. நான் ஓட்டப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். "உனக்கு எங்கடி ஓட்டத் தெரியும்?"

"பல்லு செய்றவங்க எல்லாம் அதை வாயில போட்டுக் கடிச்சுப் பாத்தா செய்றாங்க?"

அன்று ஆரம்பித்தது என் சமையலறைக்குப் பிடித்த சனி. துருப்பிடித்த போல்ட்டுகளை ஊறவைக்க வினிகர் பாட்டில் போனது. சீட்டு உறைகள் என் துணி துவைக்கும் இயந்திரத்தில் சுற்றின. பெயின்ட் சிதறாமல் கண்ணாடிகளை மூட என் நல்ல படுக்கை விரிப்பு போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் செய்யலாம் என்று ஓவனைத் திறந்தால் உள்ளே காரின் முன்விளக்கு. பூப்போல ஒரு துண்டின்மேல் படுத்திருக்கிறது.

"என்னடி இது?"

"தொடாதீங்க அண்ணி, இன்னும் கொஞ்சம் வேகணும். சூட்டுலதான் பசை இளகும். அப்பத்தான் கண்ணாடியக் கழட்டி உள்ள தொடைக்க முடியும்."

"நாளைக்கு டயரைக் குக்கர்ல வைப்பியா?"

"குக்கருக்குள்ள டயர் போகாது அண்ணி" என்றாள், நிஜமாகவே யோசித்துவிட்டு.

திட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூடத்தில் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து கழுத்து பிடித்துப்போய் வருகிறவள், பையை வைத்துவிட்டு நேராகக் கார் ஷெட்டுக்குப் போவாள். ஞாயிறு என்றால் விடிந்ததும் அங்கேதான். சொந்த அண்ணன் ஜன்னலிலிருந்து, "வேலையத்த வேலை" என்று முனகுவது காதில் விழும். திரும்பியே பார்க்கமாட்டாள். மனம் நிறைந்துபோய் ஒருநாள் அவளிடம், "நீ இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்னு தெரியல" என்றேன். என் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "மேல் கடைவாயில ஒண்ணு சொத்தையாகுது அண்ணி, சீக்கிரம் காட்டுங்க" என்றாள். அவளுக்கு நன்றி சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

அச்செடுக்காமல் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது. அண்ணன் சோபாவில் பகல் தூக்கம் போடும்போது அந்த மடங்காத காலை இஞ்சு டேப்பால் அளந்தாள். குளிர்பெட்டி வந்த அட்டையை வெட்டி ஒட்டி, அதே நீளத்தில், அதே கனத்தில், பாதத்தோடு ஓர் அட்டைக்கால் செய்தாள். அண்ணனின் ஷூவையும் அதில் மாட்டினாள். அப்புறம் காரின் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் காலை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதுமாக ஒரே ஒத்திகை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தவர் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலைக் கண்டு, "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்று பதறி ஓடி வந்தார்.

அந்தக் கால் எந்த இடத்தில் இடித்ததோ அந்த இடத்தை எல்லாம் மாற்றினாள். சீட்டு ஓடும் தண்டவாளத்தை வெல்டிங் கடையில் கொடுத்து நீட்டி, சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளினாள். கியர் தானாக மாறும் வண்டி அது, மிதிக்கிற வேலையெல்லாம் வலது காலுக்குத்தான். அதைப் பிடுங்கி இடது காலுக்குக் கொடுத்தாள். பிரேக்குக்கு இடது பக்கம் இன்னொரு ஆக்சிலரேட்டர் வந்தது. பழையதன்மேல் தெரியாமல்கூட கால் படாதபடி ஒரு தகட்டு மூடி. அதையெல்லாம் விவரம் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் நின்றுதான் பொருத்தினார். "பல்லு விஷயம் மாதிரி இல்லம்மா, இது உயிர்" என்றார். "பல்லு விழுங்கினாலும் உயிர்தான்" என்றாள் இவள்.

எல்லாம் முடிந்தது. உட்கார வேண்டியவர் மட்டும் ஜன்னலை விட்டு எழவில்லை. "யாருக்கு வேணும்? நான் கேட்டேனா?" அதோடு சரி.

கடைசியாகப் பெயின்ட். கார் வெள்ளையும் இல்லாத, சந்தன நிறமும் இல்லாத ஒரு வெளிர் நிறம். பல்லுக்காரிக்குக் கேட்க வேண்டுமா? வெள்ளையில் எத்தனை வகை என்று இவளிடம் கேட்டால் சாப்பாடு ஆறிவிடும். நசுங்கிக் கிடந்த ஓட்டுநர் பக்கக் கதவுக்கு மட்டும் நிறம் சேர்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் பெயின்ட்டைத் துளித்துளியாகக் கலந்தாள். காலை வெளிச்சத்தில், வடக்குப் பக்கம் திரும்பி, கூடத்தில் செய்கிற மாதிரியே. காரின்மேல் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஒத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அடித்தாள்.

மறுநாள் கதவு காய்ந்தது. வெயில் வந்தது. கார் முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்க, அந்தக் கதவு மட்டும் பழுப்பேறி நின்றது.

ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

"அடியே பல்லுக்காரி! வாய் நெறைய வெள்ளப் பல்லு, நடுவுல ஒரு மஞ்சப் பல்லு!"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "சரியாத்தானே ஒத்துப் பாத்தேன்..."

"எப்படிப் பாத்த?"

"நனைச்சுத்தான். பல்ல எப்பவும் நனைச்சுதான் நிறம் பாக்கணும். காஞ்ச பல்லு பொய் சொல்லும்."

"பல்லு வாய்க்குள்ள இருக்கு, எச்சில்ல ஊறுது! காரு வெயில்லடி நிக்குது! அதுக்கு எச்சில் யாரு துப்பறது?"

நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. உப்புத்தாளை எடுத்து, அத்தனை நாள் தடவித் தடவி இழைத்த கதவையே சுரண்டப் போனாள்.

"ஏய், வை! தொடாத அதை! கதவு சரியாத்தான் இருக்கு. மத்ததுதான் மங்கிப்போய்க் கெடக்கு. மேல் தோலைத் தேச்சு எடு, உள்ள இருக்கிற நிறம் வரும். வண்டி வாங்கின அன்னைக்கி இந்தக் கதவு நிறம்தான் அது. ஏய், அப்படி இல்ல... சுத்திச் சுத்தித் தேய்க்கணும்... உனக்கு வராது, விடு!"

கைத்தடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இவர் வாசற்படியில். யாரும் கூப்பிடவில்லை, யாரும் பிடிக்கவில்லை. படியில் பக்கவாட்டாக இறங்கி, ஷெட்டுக்குப் போய், பாலிஷ் டப்பாவை அவளிடமிருந்து பிடுங்கினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தூணோரம் நின்றேன். பேசினால் கலைந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

முன்பக்கத்தைத் தேய்த்து முடிப்பதற்குள் களைத்துவிட்டார். உட்கார இடம் தேடினார். பல்லுக்காரி ஸ்டூல் எடுக்கப் போகவில்லை. பழுப்புக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தரையில் எதையோ பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டாள். அவர் முதுகைக் காட்டி சீட்டில் உட்கார்ந்தார். திரும்பினார். அந்தக் கட்டைக் கால் எதிலும் இடிக்காமல் உள்ளே போய் நேராக நீண்டது. யாரும் தூக்கிவிடவில்லை. அவர் காலையே பார்த்தார். இடது பாதத்தை எடுத்துப் புது மிதியின்மேல் வைத்து, ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"எல்லாம் இடது கைப் பழக்கமால்ல இருக்கு" என்றார். இன்னொரு தடவை அழுத்தினார்.

"பழகிக்கலாம் அண்ணா" என்றாள் அவள், குனிந்தபடியே.

கார் முழுதும் தேய்த்து முடித்தபோது அந்தக் கதவு எது என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் காலி மைதானத்தில் பயிற்சி, அதிகாரி வந்து மிதிகளை அழுத்தி அழுத்திப் பார்த்த பரீட்சை, புது உரிமம். எல்லாவற்றுக்கும் பல்லுக்காரிதான் பக்கத்து சீட்டில். பயந்தாளா என்று கேட்டேன். "அண்ணன் பல்ல நறநறன்னு கடிக்கறான் அண்ணி. தேஞ்சுபோயிடும்" என்றாள்.

மேசை வேலைக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் நேரில் சொல்ல இவர் முதன்முதலாகத் தனியாகக் கிளம்பிய அன்று, பல்லுக்காரி கூடத்தில் கரண்ட் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். கார் தெருவில் இறங்கியதும் கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"தொறந்தே கெடக்கட்டுமே, வந்ததும் அப்படியே உள்ள விடலாம்ல?" என்றேன். தாழ்ப்பாளை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

இருவரும் சமையலறையில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். குடித்தோமா என்று ஞாபகமில்லை. கடைசியில் வாசலில் ஹாரன் அடித்தது. நான் எழுந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

ஹாரன் மறுபடி அடித்தது, நீளமாக.

"அடியே, கையை விடு. அவர் நிக்கறார்டி."

அவள் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் செய்கிற விரல்கள், இடுக்கி மாதிரி. இன்ஜின் நின்றது. பிறகு கார்க் கதவு திறந்தது. கைத்தடி தரையில் ஊன்றியது, அப்புறம் ஒரு கால், அப்புறம் அந்த இன்னொரு கால். கேட்டின் தாழ்ப்பாள் விலகிய சத்தம் வந்த பிறகுதான் அவள் என் கையை விட்டாள்.