வெளியே மடித்த வலை

தையல்காரம்மாவின் கொல்லையில் கீரி இன்னொரு கோழியையும் அடித்துப்போட்ட அன்று, கொழுந்தன் வந்து, "மிச்சத்த வித்துத் தலைமுழுகுங்க அண்ணி. கீரியோட மல்லுக்கட்ட முடியுமா?" என்றான்.

"அது தின்னுட்டுப் போக நான் வளக்கல," என்றாள் அவள்.

சட்டை இறுக்குகிறது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், "தையல்ல குறையில்ல, உங்க உடம்பக் கேளுங்க," என்று அனுப்பிவிடுகிறவள் அவள். கூண்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்ததும் அவளேதான். கைப்பழக்கத்தில், பாவாடை விளிம்பைப் போல வலையின் ஓரத்தை உள்பக்கமாக மடித்துப் புதைத்திருந்தாள். கீரி வெளியே வலையை ஒட்டித் தோண்டி, அந்த மடிப்புக்கு அடியிலேயே நுழைந்திருந்தது. குழியின் முன் குத்தவைத்துப் பார்த்தவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. வலையைப் பிடுங்கினாள். ஓரத்தை இம்முறை வெளிப்பக்கமாக ஒரு முழத்துக்கு விரித்து, மண்ணைத் தள்ளிக் கல்லைப் பரப்பினாள்.

மறுநாள் காலையில் வலையை ஒட்டி மண்ணெல்லாம் பிறாண்டி, அடியில் விரித்த வலை வெளியே தெரியக் கிடந்தது. கோழிகள் ஒன்றும் குறையவில்லை.

கொழுந்தன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "மடிப்ப வெளிய விட்டிருக்கீங்களே அண்ணி. இதப் பாத்தா எவனாவது உங்ககிட்ட துணி குடுப்பானா?"

அவள் நிமிரக்கூட இல்லை.

"இது நீ போட்டுக்கத் தச்சதில்ல தம்பி. கீரிக்கு அளவெடுத்துத் தச்சது."