அத்தானின் படகுக்குத் துடுப்பு மாட்டிய கதை

என் அக்காவின் கணவர் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷரைக் கண் டாக்டர் ஒருவர் ஐந்தே நிமிஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் அத்தானுக்குப் பளிச்சென்று தெரியும். பத்தடிக்கு அப்பால் எல்லாமே புகை. எருமையும் ஒன்றுதான், எதிரே வரும் லாரியும் ஒன்றுதான். டிப்போவில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் எட்டு மாதம் அவர் கூடத்து நாற்காலியே கதி என்று கிடந்தார். தெருவில் ஏதாவது வண்டி வேகமாகப் போனால் வலது கால் மட்டும் தரையை அழுத்தும். அக்கா என் பட்டறைக்கு வந்து, "டேய் தம்பி, இந்த மனுஷன் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியாவே ஆயிடுவாருடா" என்று அழுதாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. மற்றவர்களை அழ வைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தில்தான் படகை அவர் தலையில் கட்டினேன். எனக்குத் தொழில் கதவு, ஜன்னல். ஏரிக்கரை வலைக்காரர் புதுப் படகு வாங்கியதும் பழையதை என் பட்டறை வாசலில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். மீன் பிடிக்கிற சின்னப் படகு. அடி தட்டை, மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும், பின்பக்கம் பெட்டி மாதிரி சதுரம், உட்காரக் குறுக்கே மூன்று பலகை. எங்கள் ஏரியில் எல்லோரும் நின்றுகொண்டு கழி ஊன்றித்தான் போவார்கள். கிளட்சு மிதித்துத் தேய்ந்த அத்தானின் முட்டி அதற்கெல்லாம் ஒத்துவராது.

"உட்கார்ந்து ஓட்டுறாப்பல துடுப்பு மாட்டிடு, மாப்ள" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் பட்டறையைத் திறக்கப் போனால், எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நிற்கிறார்.

கதவு நிலைக்கு வைத்திருந்த மரத்தில் இரண்டு துடுப்பு செதுக்கினேன். உரசுகிற இடத்தில் தோல் பட்டை சுற்றினேன். துடுப்பைத் தாங்க, வெல்டிங் எல்லாம் தெரிந்த கொல்லரிடம் சொல்லி இரண்டு இரும்புக் கவை அடித்தாயிற்று. அதைப் படகின் விளிம்பில் எங்கே பொருத்துவது என்பதுதான் கேள்வி. அத்தான் நடுப்பலகையில் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினார்.

"இங்க" என்றார். பலகைக்கு ஒன்றரைச் சாண் முன்னால்.

நான் தலையைச் சொறிந்தேன். "அத்தான், துடுப்புப் போடுறவங்க போற பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாங்க. ஏதோ படத்துல பார்த்த ஞாபகம்."

"படம் எடுத்தவன் தப்பான பக்கம் நின்னு எடுத்திருப்பான்."

"இல்லத்தான், வந்து..."

"மாப்ள, முப்பத்தோரு வருஷம் ரோட்டப் பார்த்து ஓட்டினவன் நான். எவனாவது பாசஞ்சரப் பார்த்து உட்கார்ந்துட்டு பஸ் ஓட்டுவானா?"

எவனும் ஓட்ட மாட்டான்தான். நியாயமாகப் பட்டது. துளை போட்டுக் கவையை மாட்டிவிட்டேன். நான் மரையை முறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வேறெங்கோ பார்த்தபடி, "இதையும் ஓட்ட முடியலன்னா, அப்புறம் என்னை எதுக்கும் கூப்பிடாத" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பலகையைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். அத்தான் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வந்து இறங்கினார். அக்கா முன்பலகையில், பஸ்ஸில் உட்காருகிற மாதிரியே முன்னால் பார்த்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். நான் தண்ணீரில் இறங்கி ஒரு தள்ளு தள்ளினேன். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு துடுப்பையும் இழுத்தார். போன படகு திரும்பி வந்து என் முட்டியில் மோதியது.

"சரியா தள்ளுடா" என்றாள் அக்கா.

பலம்கொண்ட மட்டும் தள்ளினேன். மறுபடியும் முட்டி. மூன்றாவது தடவை படகு எனக்கே தண்ணி காட்டிவிட்டு அரைவட்டம் அடித்து, மூக்கை என் பக்கம் வைத்துக்கொண்டு பின்பக்கமாக ஏரிக்குள் கிளம்பியது. அக்கா என்னைப் பார்த்தபடியே போனாள். வழியனுப்ப வந்தவனுக்குக் காட்டுவது போலக் கையைக்கூட ஆட்டினாள். படகு இப்படித்தான் போகும் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

வலைக்காரர் கரையிலிருந்து குரல் கொடுத்தார். "ஐயா, மூக்கு இந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும், ரிவர்ஸ்ல விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து வெளியே வருவதற்காக அத்தான் இன்னும் வேகமாக இழுத்தார். இழுக்க இழுக்கப் படகு இன்னும் வேகமாகப் பின்னால் போனது. சதுரமான பின்பக்கம் தண்ணீரை வாரி இறைத்தது. வாத்துகள் சிதறின. அத்தான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்தால் மட்டும் என்ன தெரியும், புகைதான். கரையில் நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஐந்தாவது ஆள் நான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

சர்ரென்று கோரைப்புல்லுக்குள் போய்ச் சொருகி நின்றது படகு. அத்தான் துடுப்பை விட்டுவிட்டார். இரண்டு கையும் மடிக்குப் போய்விட்டன. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. கூடத்தில் எட்டு மாதமாக மடியில் கிடந்ததே, அதே கை. எனக்கு நீந்தத் தெரியாது. இருந்தாலும் மார்பளவு தண்ணீர் வரைக்கும் போய்விட்டேன்.

அப்போது அக்கா எழுந்து நின்றாள். தண்ணீர் மேல் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எந்திரிங்க. இந்தத் துடுப்பு என் பலகைக்கும் எட்டுது. நீங்க இங்க வந்து, திரும்பி உட்கார்ந்து இழுங்க."

"போற வழி தெரியாதேம்மா."

"இப்ப மட்டும் தெரியுதா?"

அத்தான் அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறார். எட்டு மாதச் சிரிப்பையும் ஒரே மூச்சில் சிரித்துத் தீர்த்தார். அடி தட்டையான படகு என்பதால் பிழைத்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆடி, சுற்றி, இடம் மாறிய கூத்தை ஊரே பார்த்தது. அக்கா கடைசிப் பலகையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் பார்த்துச் சொல்றேன். நீங்க ஓட்டுங்க."

ஒரே இழுப்பு. மூக்கை நிமிர்த்திக்கொண்டு படகு கோரையிலிருந்து பாய்ந்து வந்தது. "லெஃப்ட்டு... அது என் லெஃப்ட்டுங்க, உங்களுக்கு ரைட்டு" என்று அக்கா ஆணையிட, அத்தான் கரையோரமாக அழகாக ஒரு வளைவு போட்டார். டிப்போவில் பஸ்ஸைத் திருப்புகிற அதே நிதானம். காக்கிச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, முகம் முழுக்கப் பல். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. மார்பளவு தண்ணீரில் எங்கே குதிப்பது.

ஆனாலும் நான் தச்சன் அல்லவா, வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் வந்தபோது, "அத்தான், கரைக்கு வாங்க, கவையை மாத்திப் போட்டுடறேன்" என்று கத்தினேன்.

அத்தான் துடுப்பை நிறுத்தாமல், "யாரும்மா அது கூப்பிடுறது?" என்று கேட்டார்.

அக்கா என்னை நேருக்கு நேர் பார்த்தாள்.

"யாரும் இல்லங்க. வழி காலியா இருக்கு, போங்க."

அத்தான் வேகத்தைக் கூட்டினார்.