துரைசாணித் தண்டும் வெள்ளிக்கிழமை முட்டையும்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதை எழுதி முடிக்க எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது. ஆகட்டும், எனக்கென்ன வண்டியா போகப்போகிறது? கீழே போடியிலும் சரி, மேலே ஏலமலையிலும் சரி, துரைசாணித் தண்டைப் பயிர் செய்து, சீனிப் பாகில் போட்டு, கேக்கின் தலையில் குத்தி வைத்த தமிழச்சி என்னைத் தவிர வேறு ஒருத்தி இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இருந்தால் வந்து சொல்லட்டும். காப்பி கொடுத்து உட்காரவைத்து, நாலு கேள்வி கேட்டு அனுப்புகிறேன்.

அப்போது நாங்கள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தோம். அய்யா ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தத் தீப் போடுகிறவர். ஆத்தா காய் பறிக்கப் போவாள். நான் துரை பங்களாவில், குசினியில் பாத்திரம் கழுவினேன். பாத்திரம் கழுவுகிறவளுக்குக் கைக்குத்தானே வேலை? கண் சும்மாதான் இருக்கும். என் கண் சும்மா இருந்ததில்லை.

துரையின் மனைவி, அந்த வெள்ளைக்காரத் துரைசாணி, தன் ஊரிலிருந்து வரவழைத்த விதையை ஓடைக்கரையில் போட்டிருந்தார். அவர் அதை ஏஞ்சலிக்கா என்பார். லயத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. துரைசாணித் தண்டு என்றே ஆகிவிட்டது. முதல் வருசம் வெறும் இலைதான். கொத்தமல்லிக்கு யானைக்கால் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி கொத்தமல்லி என்றே நம்பி ரசத்தில் ஒரு கொத்துக் கிள்ளிப் போட்டுவிட்டாள். அவள் புருசன் ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏண்டி, ரசம் வச்சியா, வெள்ளக்காரி குளிச்ச தண்ணிய மோந்துட்டு வந்தியா?” என்றான். அந்தச் சத்தம் ஸ்டோர் வரைக்கும் கேட்டது.

நெருக்கமாக முளைத்ததென்று துரைசாணி பிடுங்கிப் போட்ட நாற்றில் சிலதை நான் எடுத்துவந்து லயத்துக்குக் கீழே, தண்ணீர் கசிகிற இடத்தில் மரநிழலாகப் பார்த்து நட்டேன். ஏலத்துக்கு என்ன வேண்டுமோ அதுதான் இதற்கும் வேண்டும்: நிழலும் ஈரமும். அடுத்த வருசம் அது என் உயரத்துக்கு எழும்பி நின்றது. தண்டு பப்பாளிக் காம்பைப்போல உள்ளே ஓட்டை. பூ விடுவதற்கு முன்னால் அறுத்துவிட வேண்டும், பூத்தால் முற்றிப்போகும். லயத்துப் பிள்ளைகள் ஆளுக்கொன்றை ஒடித்து பீப்பி ஊதினது போக மிச்சத்தை நான் அறுத்தேன்.

பங்களாவில் துரைசாணி செய்ததை கண் எடுக்காமல் பார்த்துவைத்திருந்தேன். தண்டை விரல் நீளம் நறுக்கி, ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்ட தண்ணீரில் வேகவைக்க வேண்டும். ஆறினதும் வாழைத்தண்டுக்கு நார் எடுப்பதுபோல் மேல் நாரை உரிக்க வேண்டும். மறுபடி கொதிக்கவிட்டால் கிளிப்பச்சை ஏறும். பிறகு தண்டின் எடைக்குச் சீனி போட்டு மூடிவைத்து, அது விட்ட தண்ணீரிலேயே பாகு காய்ச்சி, காயவைத்து, மேலே சீனி தூவினால் ஆயிற்று. காயவைக்கத்தான் பங்களாவில் திண்டாடினார்கள். அங்கே எப்போதும் ஈரம். எனக்கு அய்யாவின் ஸ்டோர் இருந்தது. ஏலக்காய்க்குப் பக்கத்தில் ஒரு மூலையில் பரப்பி வைத்தேன். என் தண்டுக்கு ஏல வாசனையும் சேர்ந்துகொண்டது. துரைசாணி செய்ததைவிட என்னுடையதுதான் உசத்தி. அவரே ஒன்றைத் தின்றுவிட்டுப் பேசாமல் இன்னொன்றை எடுத்தார்.

இனி அவர் கதை. அவர் என்றால் என் வீட்டுக்காரர். அப்போது ஆகவில்லை. போடியிலிருந்து பங்களாவுக்கு ஜீப்பில் சாமான் கொண்டுவருகிறவர். குசினி வாசலில் சீனி மூட்டையை இறக்கிவிட்டு, தேவையில்லாமல் ஹாரன் அடிப்பார். எனக்கு வேறு மாப்பிள்ளை கிடைக்காமல் இல்லை. எனக்கு வேறு ஆள் வேண்டாம், அவ்வளவுதான். அவருடைய அம்மாவுக்குத்தான் மனசில்லை. “வெள்ளக்காரி எச்சித்தட்டு கழுவுன பிள்ள நமக்கு எதுக்குடா?” என்று ராசிங்காபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னது மலை ஏறி எங்களுக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் மகன் சோறு தின்னாமல் கிடந்ததில், பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டார்கள். அம்மாவும், அவளுடைய தம்பியும், ஜீப்பை ஓட்டிக்கொண்டு அவரும்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்கலாம், பலகாரம் கொறிக்கலாம். சோறு மட்டும் தின்ன மாட்டார்கள். அந்த வீட்டில் இலை போட்டுச் சோறு தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பேச்சு மாற முடியாது.

பொண்ணு கையால் ஒரு பலகாரம் வேண்டுமே என்று நான் கேக் செய்தேன். பெரிய இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, உள்ளே தகர டப்பாவை வைத்து, மூடிமேல் கங்கு போட்டு. கங்கு அய்யா ஸ்டோரிலிருந்து அள்ளிவந்தது. பூப்போல எழும்பி வந்தது. மேலே பச்சைத் தண்டுகளை வட்டமாகக் குத்திவைத்தேன்.

கேக்கைப் பார்த்ததும் அவருடைய தாய்மாமன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வயிறும் அவரோடு நகர்ந்தது.

“இதென்ன ஆத்தா, இனிப்புல பச்சமொளகாயக் குத்தி வச்சிருக்க?”

“மொளகா இல்ல மாமா. தண்டு. நானே வளத்து நானே பாகுல போட்டது.”

மாப்பிள்ளையின் அம்மா கேக்கை மோந்து பார்த்தாள். “இதுல முட்ட போட்டிருக்கா?”

“நாலு போட்டிருக்கேன். நல்ல முட்ட.”

ஆத்தா பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினாள். மாமன் நீட்டின கையை நடுவழியில் நிறுத்தினார்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா!” என்றாள் அந்தம்மா. அதோடு பார்த்தது போதும் என்று எழுந்துகொள்ளப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் மிச்சத் தண்டு வைத்திருந்த கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். “இதுல முட்ட படல. வெறும் சீனிதான்.”

மாமன் ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். “அக்கா, வாய்க்குள்ள சந்தனம் அரைக்கிற மாதிரி இருக்கு!” அக்காவும் ஒன்று எடுத்தாள், வேண்டாவெறுப்பாகத்தான். அப்புறம் இன்னொன்று. பார்க்கப் பார்க்கப் பாட்டிலின் அடி தெரிந்துவிட்டது. அந்தத் தண்டுக்கு ஒரு குணம் உண்டு: தின்னத் தின்னப் பசியைக் கிளப்பிவிடும். பங்களாவில் துரைக்குப் பசி இல்லை என்றால்தான் துரைசாணி அதைக் கொடுப்பார். இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

புறப்படலாம் என்று அந்தம்மா முந்தானையை உதறினபோது, வெளியே ஜீப்படியில் நின்றிருந்த அவர் வாசலில் தலையை நீட்டினார்.

“அம்மா, மஞ்சு எறங்கிருச்சு. ரோடே தெரியல.” துக்கச் செய்தியைச் சொல்கிற முகமா அது? லட்டு கிடைத்த முகம்.

“வெரசா வெலகிரும். உக்காரு,” என்று தம்பியையும் இழுத்து உட்காரவைத்தாள் அந்தம்மா.

மாமன் வயிறு கடமுடா என்றது. அதை மறைக்க அவர் இருமினார். வயிறு இருமலைத் தாண்டிச் சத்தம் போட்டது.

“அக்கா, சோத்த மட்டும் தின்னுட்டு, முடிவ ஊர்ல போய்ச் சொல்லலாமா?”

“எந்த ஊருப் பழக்கம்டா அது? பேசாம இரு.”

அவர் மறுபடி தலையை நீட்டினார். “அம்மா, முன்னைக்கு இப்ப இன்னும் நல்லா எறங்கியிருக்கு! என் கையே எனக்குத் தெரியல.”

“ஒங் கைய யாருடா பாக்கச் சொன்னா?”

அய்யா ஒரு மூலையில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார். ஸ்டோர்த் தீயைப் பார்த்துக்கொண்டே இருந்து பழகினவர். எவ்வளவு நேரமானாலும் பேசாமல் இருப்பார். ஆத்தாதான் அடுப்புக்கும் வாசலுக்கும் அலைந்தாள். விருந்தாளி சாப்பிடாமல் நாங்கள் சாப்பிட முடியாது. சோறு வெந்து, கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு இறக்கிவைத்து, எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் எழுந்துபோய்க் குழம்புச் சட்டி மூடியைத் திறந்தேன். உப்புப் பார்க்கத்தான். திறந்தது திறந்தபடி இருந்துவிட்டது. ஒற்றை அறை வீடு. வாசனை எங்கே போகும்? நேராக மாமன் மூக்குக்குத்தான் போயிற்று.

“அக்கா,” என்றார் அவர், அழுகிற குரலில், “மொச்ச.”

“தெரியுதுடா.” அவள் குரலும் இறங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள்.

“ஏண்டி, நான் கேட்டப்ப முட்ட போடலன்னு சொல்லிருந்தா என்ன? ஒரு துண்டு தின்னுட்டு, மஞ்சுக்கு முன்னாடியே கெளம்பிப் போயிருப்போம்ல?”

“போயிருப்பீங்க அத்தே. அதான் சொல்லல.”

ஆத்தா என்னைக் கிள்ளக்கூட மறந்து நின்றாள். அய்யா பாக்கு மெல்லுவதை நிறுத்தினார். அந்தம்மா வாயை இறுக்கிவைத்துப் பார்த்தாள், முடியவில்லை. முதலில் மூக்கில் சிரித்து, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பொய்யும் சொல்ல வரல, வாயும் அடங்கல. எம் மயனுக்கு இப்படி ஒண்ணுதான் கெடச்சிருக்கு. எலையப் போடுடி.”

அவள் சொல்லி முடிக்குமுன் மாமன் கை கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டிருந்தார். நான் இலை போட்டேன், சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். அந்தம்மா பிசைந்து முதல் வாயை வைத்து விழுங்கினாள். “உப்புக் கொறச்சல்,” என்றாள். “அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்துறேன் அத்தே,” என்று ஊற்றினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் அவர் மறுபடி தலையை நீட்டினார். இந்தத் தடவைதான் துக்கச் செய்தி முகம். உள்ளே இலை விழுந்தது அவருக்குத் தெரியாது. வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்.

“அம்மா… மஞ்சு வெலகிருச்சு. ரோடு பளிச்சுன்னு தெரியுது.”

யாரும் இலையிலிருந்து நிமிரவில்லை. வாய் நிறையச் சோற்றோடு மாமன்தான் பதில் சொன்னார்.

“கதவச் சாத்து மாப்ளே. குளிருது.”