மாகாணம் பிரிகிற மேட்டில் ஒரு கல்

எல்லைக்கல் நடுகிற உத்தியோகக்காரனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது: மாப்பிள்ளை ஊரெல்லாம் அளப்பார், வீட்டில் மட்டும் இருக்க மாட்டார். மனைவி ஓரிடம் மாற்றல் ஓரிடம் என்று அரசாங்கச் சோறு தின்றவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடித்த கையோடு என்னை இரத்தினபுரி சர்வே கந்தோருக்கு அனுப்பினார்கள். பலாங்கொடைக்கு மேலே, தேயிலை முடிந்து புல்வெளி தொடங்குகிற மலைமேட்டில், சப்பிரகமுவ மாகாணத்துக்கும் மத்திய மாகாணத்துக்கும் நடுவே எல்லை சரியாகத் தெரியாமல் கிடந்தது. "அதை முடித்துக் கொடு, உன்னை உன் ஊருக்கே மாற்றிவிடுகிறேன்" என்றார் எங்கள் துரை. அந்த வார்த்தையை நம்பித்தான் மலை ஏறினேன்.

நகராத வீடு

ஏறும் வழியில் ஒரு ஆராச்சி வீட்டில் தங்கினேன். அந்தப் பக்கத்து சிங்களக் கிராமங்களுக்கு அவர்தான் தலைமைக்காரர். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். உங்கள் ஊர் எந்த மாகாணம் என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். மனிதர் பலாக்கொட்டைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் கண்டி ராசாவின் அதிகாரியான திசாவை என்பவர் ஆண்டாராம். வெள்ளைக்காரன் வந்தபின் இரத்தினபுரியையும் கேகாலையையும் மேல் மாகாணத்தோடு கட்டிவிட்டார்கள். பெரிய காரியம் எதற்கும் மலையிறங்கிக் கொழும்புக்குப் போக வேண்டும். பிறகு இரண்டையும் பிரித்தெடுத்துச் சப்பிரகமுவ என்று தனி மாகாணம் ஆக்கினார்கள். இப்போது நான் அளக்கிற சங்கிலியோடு வந்திருக்கிறேன். வீட்டைக் கெதர என்றும் அரசாங்கத்தை ஆண்டுவ என்றும்தான் அவர் சொல்வார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் சங்கிலியைப் பார்த்தார்.

"மாத்தயா, நம்ம கெதர எங்கயும் போகல்ல. ஆண்டுவதான் மாறி மாறி வாறது."

மழைக்குக் காத்திருந்தது

தண்ணீர் பிரிகிற மேடுதான் எல்லை என்று மேசையில் இருந்தவர்கள் எழுதிவிட்டார்கள். தெற்கே ஓடி வளவை கங்கையில் விழுந்தால் அந்த நிலம் எங்களுடையது, வடக்கே ஓடி மகாவலியில் விழுந்தால் அவர்களுடையது. கூரான மலைமுகட்டில் இது சுலபம். இந்த மேடோ பாய் விரித்த மாதிரி. எங்கே பார்த்தாலும் புல்லும் சதுப்பும்தான். நட்ட கொடியைப் பனி விழுங்கிவிடும். மற்றச் சர்வேயர்மார் மழை வந்தால் கூடாரத்துக்குள் ஓடுவார்கள், நாங்கள் மழைக்காக உட்கார்ந்திருந்தோம். மழை விழுந்ததும் தேங்கிய தண்ணீரில் இலைகளைப் போட்டு, அவை எந்தப் பக்கம் போகின்றன என்று குனிந்து பார்ப்பதுதான் வேலை.

பனி விலகுகிற வேளைகளில் தெற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் சமவெளி தெரியும். எல்லாரும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள். நான் வடக்கே பார்த்துக்கொண்டு நிற்பேன். மலைக்கு அப்பால் மலை, அதற்கு அப்பால் காடு, அதற்கும் அப்பால் எங்கள் பனைகள். ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் பார்ப்பேன். ஒருநாள் நான் போட்ட இலை கொஞ்சம் போய், நின்று, திரும்பி வந்துவிட்டது. என் சங்கிலிக்காரன் சிறிசேன, ஓப்பநாயக்க ஊர்க்காரன், அதையும் என் முகத்தையும் பார்த்தான். தண்ணீரை அவன் வதுர என்பான்.

"மாத்தயா, வதுரவுக்கே எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல்ல. நமக்கு எப்பிடித் தெரியும்?"

வீட்டு வேலி

லீவில் ஊருக்குப் போனேன். பக்கத்து வளவுக்காரர் வேலியடைக்கும்போது கதியால் தடிகளை எங்கள் பக்கம் தள்ளி நட்டிருந்தார். வேலிச் சண்டை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் சர்வேயர் வீட்டு வேலியிலேயே கைவைக்க ஒரு நெஞ்சு வேண்டும். சர்வேயர் வீட்டில் இல்லை என்கிற தைரியம்தான்.

என் மனைவி அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது கத்திவிட்டுப் போயிருப்பேன். புட்டை அவித்து இறக்கிக்கொண்டே, வேறு யாருடைய வீட்டுக் கதையையோ சொல்வது போலச் சொன்னாள்.

"ரெண்டு மாகாணத்துக்கு எல்லை காட்டிறியள். எங்கட வேலியைத் தள்ளிப் போட்டினம், அதைக் கேக்கத்தான் ஆளில்லை."

கல்லுக்கு வந்த கும்பிடு

திரும்பி வந்த கையோடு நல்ல மழை. தண்ணீர் பிரியும் இடம் ஒருவழியாக அகப்பட்டது. முந்திய சர்வேயர் நட்ட பழைய கல் அதிலிருந்து கூப்பிடு தூரம் தள்ளி, ஒரு சின்ன மேட்டுக்குப் பின்னால் நின்றது. அதைப் பிடுங்கிச் சரியான இடத்தில் புதுக்கல் நட்டால் என் வேலை முடிந்தது. அடுத்தது யாழ்ப்பாணம். மண்வெட்டியோடு போனால், கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி, பக்கத்தில் வேல் குத்தி, மேலே தகரக் கூரையும் போட்டிருக்கிறார்கள். கல்லில் வெட்டியிருந்த அரசாங்கத்தின் அம்புக்குறி சந்தனத்துக்குள் மறைந்துவிட்டது.

கல்லின் முன்னால் பூவாயி நின்றாள். கீழே தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய புருசன் வேலன் கங்காணியோடு சண்டை பிடித்துக்கொண்டு, இந்த மேட்டைத் தாண்டி நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு ஓடிப்போனவன். வேலை கிடைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன், ஞாயிறுதோறும் எல்லைக்கல்லடியில் நில் என்று சொல்லிவிட்டுப் போனான். இவளும் ஓடிவிடுவாள் என்று கங்காணி லயத்தைவிட்டு நகர விடுவதில்லை. சாமி கும்பிடப் போகிறவளை மட்டும் யாரும் மறிக்க முடியாதே. அதற்காகத்தான் கல்லுக்கு முதற்பொட்டை அவள் வைத்தாள். பிறகு மற்றவர்களும் வந்து கும்பிட்டார்கள், நேர்த்தி வைத்தார்கள், கூரையும் போட்டுவிட்டார்கள். சிறிசேன தள்ளி நின்றபோது இதையெல்லாம் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கல்லப் புடுங்கிட்டீங்கன்னா அவரு எங்கங்க வந்து நிப்பாரு?"

ராஜினாமா

எனக்கு மண்வெட்டி ஓடவில்லை. ஊரில் ஒருத்தி இப்படித்தானே நிற்கிறாள் என்ற நினைப்பு வந்துவிட்டது. புதுக்கல்லை நட்டுவிட்டுப் பழையதை அப்படியே விட்டேன். ஆனால் ஒரு எல்லைக்கு இரண்டு கல் இருக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். சில நாளில் துரையே குதிரையில் ஏறிவந்தார். அன்று தோட்டத்துச் சனம் முழுவதும் மேலே வந்துவிட்டது. முன்னால் நின்று, சாமி மேல் கை வைக்கக் கூடாது என்று வாதாடியது யார் தெரியுமா? அதே கங்காணிதான். அவருடைய மகளுக்குக் காய்ச்சல் மாறியது இந்தச் சாமியால்தானாம். பூவாயி முக்காட்டுக்குள் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை கல்லைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், குதிரையைத் திருப்பினார். அவர் என்னிடம் இங்கிலீசில் சொன்னதை நான்தான் தமிழில் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தேன்.

"அந்தக் கல் அரசாங்க உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டது, அதைத் தொந்தரவு செய்யாதே."

இரண்டு கல்

அந்த மேட்டில் எனக்குக் கடைசி ஞாயிறு. பனி இறங்கியிருந்தது. கூடாரம் கழற்றுமுன் புதுக்கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். அதனடியில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு ஆள் குந்தியிருந்தான். யாரப்பா என்றேன். எழும்பி ஓடப் பார்த்தவன், என் தொப்பியைக் கண்டு கங்காணி இல்லை என்று தெரிந்து நின்றான். "பொஞ்சாதிக்காக நிக்கிறேங்க. போன ஞாயித்துக்கெழமையும் வந்தேன், அவ வரல்லீங்க" என்றான். வேலன்தான். பழைய கல் இருந்த இடத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். அங்கே யாரோ கோயில் கட்டிவிட்டார்கள், தோட்டத்து ஆட்கள் கண்டுவிடுவார்கள் என்று ஒதுங்கி வந்தானாம். கல்லைத்தான் இங்கே மாற்றி நட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான்.

அவள் இவனுக்காகக் கட்டிய சாமிக்குப் பயந்து இவன் இங்கே. இவனுக்காக அவள் அங்கே. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கங்காணி காதில் விழும் என்று இருவருமே கூப்பிடவில்லை. நான் அவன் கையைப் பிடித்து மேட்டுக்கு அப்பால் கூட்டிப்போனேன். பூவாயி அவனைக் கண்டதும் அழவில்லை, கிட்டவும் வரவில்லை. சாமிக்கு வைத்திருந்த பழத்தை எடுத்து மடியில் கட்டினாள். ஒரு கற்பூரம் கொளுத்தினாள். பிறகு இரண்டு பேரும் வடக்கே இறங்கினார்கள். அந்தப் பக்கம் மத்திய மாகாணம், அதற்குமேல் என்னுடைய பொறுப்பு இல்லை. பனிக்குள் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமையாகத்தான் இருந்தது. போகிற போக்கில் அவள் அவனைக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"ரெண்டு ஞாயித்துக்கெழம பனியில நின்னவரு, ஒரு வாட்டி சாமி கும்பிட வந்தா என்னங்க?"

துரை சீமைக்கு லீவில் போய்விட்டார். அவர் கொடுத்த வாக்கு புதுத் துரைக்குத் தெரியாததால் எனக்கு வந்த மாற்றல் யாழ்ப்பாணத்துக்கல்ல, கேகாலைப் பக்கத்து மாவனல்லைக்கு. எனக்காகப் போய் நின்று காத்திருக்க என் வீட்டுக்காரிக்கு ஒரு கல்லாவது நட்டுக் கொடுக்காமல் மாகாணத்துக்கெல்லாம் கல் நட்டுத் திரிந்ததுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட எல்லை.